செம்பி பாய்ந்த மூன்று மாலைகள்

“ஞாயித்துக்கிழமை பஞ்சுவ நாய்க் காப்பகத்து வண்டியில ஏத்திடுவாங்க டாக்டர். அதுக்குள்ள ஏதாவது பண்ணுங்க,” என்றாள் அனுப்பிரியா.

அன்று வெள்ளி. பீர்க்கன்கரணையிலிருந்து மாடம்பாக்கம்வரை கால்நடை மருத்துவர் கிறிஸ்டினாவைத் தேடி வந்திருந்தாள். வீட்டில் இரண்டு பெண் நாய்கள். செம்பிக்கு ஒன்பது வயது, பஞ்சுவுக்கு மூன்று. ஒரே தட்டில் சாப்பிட்டவை. இந்த மாதம் மூன்று முறை செம்பி பஞ்சுவின் மேல் பாய்ந்துவிட்டது. கடைசி முறை விலக்கப் போன கணவன் சிவகுமாரின் கையில் ஆழமான கடி.

“கடிச்சது பெருசு. அனுப்பறது சின்னதையா?”

“செம்பி மாமாவோட நாய். அவர் போய் இருபது நாள்தான் ஆகுது. அத்தை அதை விடமாட்டாங்க.”

கிறிஸ்டினாவை வழக்கமாக ஏற்றிச் செல்லும் ஆட்டோக்காரர் அப்பாதுரை வாசலிலிருந்தே தீர்ப்பு சொன்னார். “நாற்காலி கேஸு டாக்டரம்மா. பெரியவர் பூட்டாரு, சீட்டு காலியா கீது. எங்க ஸ்டாண்டுலயும் இதே சண்டைதான்.”

கிறிஸ்டினா சிரித்தாள். “மூணு தடவையும் எந்த இடம், எந்த நேரம்?”

“ரெண்டு தடவை சமையலறைக்குப் போற நடைவழி, ஒரு தடவை மாடிப்படிக்குக் கீழ. விளக்கு போடற நேரம். மத்தியானம் மொட்டை மாடி வெயில்ல ஒண்ணு மேல ஒண்ணு படுத்துத் தூங்கும்.”

மாலையில் அந்த வீட்டுக்குப் போனார்கள். வீட்டை ஒட்டிய ஏரியிலிருந்து எழுந்த ஒளி கூடத்துச் சுவரில் மெல்ல அசைந்தது. தண்ணீருக்கடியில் நிற்பதுபோலிருந்தது கிறிஸ்டினாவுக்கு. யாரோ ஒருவர் எழுப்பிக்கொண்டிருந்த ஓசைகள் நின்றுபோய், அவை இருந்த இடம் மட்டும் மிச்சமிருந்தது.

அவள் எதையும் தொடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். செம்பி சுவரில் விலா உரச நடந்தது. இறந்துபோன மாமனார் தட்சிணாமூர்த்தியின் சாய்வு நாற்காலியை மோந்துகூடப் பார்க்காமல் கடந்தது. அப்பாதுரையின் முகம் வாடியது. பின்கட்டில் கட்டியிருந்த பஞ்சுவின் கழுத்தில், வெள்ளை மயிர் வளையமாகத் தேய்ந்திருந்தது.

கிறிஸ்டினா பையிலிருந்து பஞ்சுருண்டை ஒன்றை எடுத்து, வாசல் வெளிச்சத்தில் செம்பியின் முன்னால் சத்தமில்லாமல் விழவிட்டாள். செம்பியின் கண்கள் அதைத் தொடர்ந்து இறங்கின. நடைவழி இருட்டில் இன்னொன்றை விழவிட்டாள். கண்கள் அசையவில்லை.

எல்லோரையும் கூடத்தில் உட்காரச் சொன்னாள்.

“பஞ்சு கழுத்துல என்ன இருந்துச்சு?”

சிவகுமாரின் அம்மா கிளியம்மாள் தன் வெறும் மணிக்கட்டைத் தடவிக்கொண்டிருந்தாள். “மணி. குன்றத்தூர் கோயிலுக்குப் போனப்ப வாங்கிட்டு வந்தாரு. சின்னதுக்கு மட்டும் செல்லம், பெருசு வெறுங்கழுத்தோட நிக்குதேன்னு நான் சண்டைகூடப் போட்டேன்.”

“எப்போ கழட்டினீங்க?”

“அவர் போன அன்னிக்கு. துக்க வீட்ல மணிச் சத்தம் கூடாதுன்னு சாமி மணியைத் துணியில சுத்தி வெச்சேன். கூடவே இதையும். பதினாறு முடிஞ்சதும் சாமி மணியை எடுத்தேன். இதை எடுக்க மனசு வரல.”

“அந்த மணி செம்பிக்காக வாங்கினதும்மா. அதுக்கு மங்கலான வெளிச்சத்துல கண்ணு தெரியறதில்ல. வர்றது பஞ்சுதான்னு மணி சொல்லிக்கிட்டிருந்துச்சு. மணி நின்னதும், இருட்டுல ஏதோ ஒண்ணு மேல வந்து இடிக்குது. பயந்து பாயுது. வெயில்ல சண்டையே இல்ல பாருங்க.”

“அப்ப சீட்டு கேஸ் இல்லியா?” என்றார் அப்பாதுரை.

“மணியைக் கட்டினா சரியாயிடுமா?” சிவகுமார் கட்டுப்போட்ட கையை மடியில் வைத்திருந்தான்.

“உடனே ஆகாது. ரெண்டுக்கும் பயம் பழகிப்போச்சு. ரெண்டு வாரம் தனித்தனியா வைங்க. கம்பிக் கதவுக்கு அந்தப் பக்கம் மணிச் சத்தம் கேட்கட்டும். அப்புறம் நல்ல வெளிச்சத்துல, ஆளுக்கொரு கயிறா பிடிச்சு, எட்ட எட்ட நடத்திக் கூட்டிப் போங்க. நடைவழியில பல்பு எரியட்டும். திரும்ப சண்டை மூண்டா நடுவுல கையை விடாதீங்க, பலகையைத் தள்ளுங்க. செம்பி கண்ணை நான் முழுசா பார்க்கணும், நாளைக்குக் கூட்டிட்டு வாங்க.”

“அப்பவும் சேரலன்னா?”

“கதவு சாத்தியே இருக்கட்டும். ரெண்டும் இதே வீட்ல இருக்கும்.”

சிவகுமார் பஞ்சு இருந்த பக்கம் பார்த்தான். பிறகு போனை எடுத்து, ஞாயிற்றுக்கிழமை வண்டி வேண்டாமென்றான்.

கிறிஸ்டினா கிளியம்மாளிடம் குனிந்தாள். “ஒண்ணு கேட்கணும். அந்த மணி மாதிரியே, சாரும் நடைவழியில வரும்போது தொண்டையைச் செருமுவாரா?”

கிளியம்மாள் நிமிர்ந்தாள். “ஒவ்வொரு தடவையும். சளின்னு நெனச்சு ஆறு மாசமா கஷாயம் வெச்சுக் குடுத்தேன். ஒரு வார்த்தை சொல்லாம குடிச்சாரே.”

அவள் உள்ளே போய்ப் பித்தளைச் செம்பு ஒன்றைக் கொண்டுவந்தாள். கழற்றிய வளையல்களுக்கு அடியிலிருந்த துணிச் சுருளைப் பிரித்து மணியை எடுத்து, பின்கட்டில் பஞ்சுவின் கழுத்தில் கட்டினாள்.

திரும்பி வந்தவள் நடைவழியின் முனையில் நின்றாள். உள்ளே, இருட்டில், செம்பி படுத்திருந்தது. அவள் தொண்டையைச் செருமினாள்.

வால் தரையில் இருமுறை தட்டும் சத்தம் கேட்டது.