வலிப்பு போன இடம்

ஆய்வகத்தில் சுண்டெலிகள் இருந்த அறையில் சத்தமே இல்லை. வழக்கமாகக் கதவைத் திறந்ததும் மரத்தூளைப் பிறாண்டும் சரசரப்பும், கம்பியைக் கொறிக்கும் ஒலியும், மூத்திர நெடியும் ஒன்றாக வந்து முகத்தில் மோதும். இன்று நெடி மட்டும் வந்தது.

"எல்லாம் சாமியாரா போயிடுச்சுங்க மேடம்," என்றார் கூண்டு கழுவுகிறவர். "மணி அடிச்சுப் பாருங்க."

அவள் அடித்தாள். மணிச் சத்தம் கேட்டாலே வலிப்பு வந்து விழும் இனம் அது. ஒன்றும் விழவில்லை. மூளையை அமைதிப்படுத்தும் பொருளைச் சிதைக்கும் நொதியை அவளுடைய மருந்து பூட்டிவிடும். பூட்டியதைத் திறக்க வழி கிடையாது, உடம்பு புது நொதியைச் செய்துகொள்ளும்வரை காத்திருக்கத்தான் வேண்டும். மகிழ்ந்திருக்க வேண்டியவள் தண்ணீர்ப் புட்டிகளைப் பார்த்தாள். எலிகள் கல்லாய்க் கிடக்க, தண்ணீர் மட்டும் வெட்டி வெட்டி இழுத்துக்கொண்டிருந்தது.

அப்போதுதான் அந்தக் கணக்கு உறைத்தது. எலிக்கான அளவை எடைக்கு எடை மனிதனுக்குக் கொடுக்கக் கூடாது, பன்னிரண்டில் ஒரு பங்காகக் குறைக்க வேண்டும். மாணவர்களுக்கு அவளே நடத்தும் பாடம். தம்பி வலிப்பு வந்து குளியலறையில் விழுந்து பல்லை உடைத்துக்கொண்ட அன்று, அவனிடம் சொல்லாமல் அந்த மருந்தைப் பழச்சாற்றில் கலக்கத் தொடங்கியபோது, அவள் வெறும் எடையைத்தான் பெருக்கியிருந்தாள்.

வீட்டுக்கு ஓடினாள்.

கூடத்தில் மாலை வெயில் சாய்ந்து கிடந்தது. தம்பி நாற்காலியில் இருந்தான். கைகள் மடியில்.

"என்னக்கா, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறே?"

"உடம்பு எப்படிடா இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு. விழவே இல்லையே. உன் ஜூஸ்தான் கசக்குது, எலிகூடக் குடிக்காது." சிரித்தான். உதடு மட்டும். கண் இமைக்கவில்லை.

"டேய், அதுல நான்..."

"வலிப்பு நிக்கலக்கா," என்றான் மெதுவாக. "நான் விழுறதுதான் நின்னுச்சு. அது வெளியே போயிருக்கு."

அவன் பார்த்த பக்கம் திரும்பினாள்.

சுவரில் நாற்காலியின் நிழல் அசையாமல் இருந்தது. அது காலியாக இருந்தது. அதற்குக் கீழே, தம்பியின் நிழல். மல்லாந்து. தலை பின்னால் வளைந்து, குதிகாலால் தரையை அடித்தபடி. சத்தமில்லாமல்.

ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். பல வருடம் பழகிய கை. சுவரோரம் மண்டியிட்டாள்.

"மன்னிச்சிருடா."

கையை நீட்டினாள். பிடிக்க ஒன்றுமில்லை. குளிர்ந்த சுண்ணாம்பு. அதன் மேல் அவள் கையின் நிழல்.

அதைத் தம்பியின் நிழல் பிடித்துக்கொண்டது.

அவள் கை அசையாமல்தான் இருந்தது. சுவரில் அதன் நிழல், விரல் விரலாக, வெட்டி இழுக்கத் தொடங்கியது.