ஒன்பதாம் அறையின் மணி

மாடி வார்டைக் காலி செய்து மூன்று வாரமாகிவிட்டது. கட்டில்கள் போய்விட்டன, திரைச்சீலைகள் போய்விட்டன. மிச்சமிருந்தது நர்ஸ் மேசைக்குக் கீழே ஓடிக்கொண்டிருந்த பழைய கணினி ஒன்றுதான். அதைக் கழற்றி எடுத்துவர மேலாளர் என்னை அனுப்பினார். மாலை நாலு மணி இருக்கும்.

"தனியாவா போற, துடைப்பம்?" என்று படிக்கட்டில் எதிர்ப்பட்ட எலக்ட்ரீஷியன் கேட்டார். "பெல் ஒயரெல்லாம் நேத்தே வெட்டிட்டேன். பாத்துப் போ, உள்ள இருட்டா இருக்கும்."

துடைப்பம் என்பது ஆபீசில் எனக்கு வைத்த பெயர். கணினிகளில் சேரும் குப்பையைக் கூட்டிப் பெருக்குவது என் வேலை. ஒரு காலத்தில் அந்தப் பெயரில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. இப்போது யாராவது அப்படிக் கூப்பிட்டால் தலை தானாகக் குனிந்துவிடுகிறது.

வெள்ளையடிப்பதற்காக ஜன்னல் கண்ணாடிகளில் காகிதம் ஒட்டியிருந்தார்கள். வெளியே நல்ல வெயில், உள்ளே மங்கல். ஈரச் சுண்ணாம்பின் வாசனை. அதற்கு அடியில், எத்தனை முறை கழுவினாலும் போகாத மருந்து வாசனை. என் செருப்புச் சத்தம் கடைசி அறை வரை போய்த் திரும்பி வந்தது.

ஒன்பதாம் அறையைத் தாண்டும்போது நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. இரண்டு வருடமாகப் பார்ப்பதில்லை.

கணினியை அணைப்பதற்கு முன் மணிப் பதிவைத் திறந்தேன். நோயாளி கட்டிலருகே இருக்கும் பொத்தானை அழுத்தினால் நர்ஸ் மேசையில் மணி அடிக்கும். கூடவே இந்த லாக் ஃபைலில் ஒரு வரி விழும். தேதி, மணி, நிமிடம், அறை எண். வினாடி கிடையாது.

வினாடி இல்லாததைத்தான் நான் யோசிக்கவில்லை. இரண்டு வருடத்துக்கு முன் அந்த ஃபைல் ஊதிப் பெருத்து, கணினியில் இடமே இல்லாமல் செய்தது. திறந்து பார்த்தால் அச்சு அசலாக ஒரே மாதிரி வரிகள், அடுக்கடுக்காக. கணினி ஒன்றையே திரும்பத் திரும்ப எழுதித் தொலைக்கிறது என்று நானே முடிவு கட்டினேன். வார்டில் யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒரு கமாண்ட் போட்டேன்.

sort -u -o bell.log bell.log

வரிகளை வரிசைப்படுத்தி, ஒரே மாதிரி இருப்பவற்றில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள் என்று அர்த்தம். தினமும் தானாக ஓடும்படி செய்தேன். அசல் ஃபைல் மட்டும் ஒரு வாரம் தனியாக இருக்கும்.

அடுத்த மாதம் ஒன்பதாம் அறைப் பெரியவர் இறந்தார். ஓய்வுபெற்ற தபால்காரர். மகள் குளித்து உடை மாற்றி வர வீட்டுக்குப் போயிருந்த நேரம். அவர் மணி அடித்தது 4.17க்கு. நர்ஸ் போனபோது 4.26. ஒரு தடவை அடித்தால் பத்து நிமிடத்துக்குள் போக வேண்டும். விடாமல் அடித்தால் கையிலிருப்பதைப் போட்டுவிட்டு ஓட வேண்டும். அதுதான் அங்கே விதி. விசாரணையில் என் ஃபைலைக் கேட்டார்கள். அதில் ஒரே ஒரு வரி. யார் மேலும் தவறில்லை என்று எழுதி முடித்துவிட்டார்கள்.

விசாரணைக்கு முந்தின நாளே நான் அசலைப் பார்த்துவிட்டேன்.

4.17. இருபத்து மூன்று வரிகள்.

கணினி தப்பு செய்யவில்லை. ஒரே நிமிடத்தில் அந்த மனிதர் இருபத்து மூன்று முறை கூப்பிட்டிருக்கிறார்.

என் வேலை நிரந்தரமாக வேண்டிய மாதம் அது. அசலை அழித்துவிட்டு வாயை மூடிக்கொண்டேன்.

மகள் வராந்தாவில் என்னை நிறுத்தினாள். "சார், அப்பா ஒரு தடவதான் அடிச்சாரா?"

"ஆமாம்மா. ஒரு தடவதான்."

"அப்போ ரொம்பத் துடிச்சிருக்க மாட்டார், இல்ல?"

தலையாட்டினேன். அவள் என் இரண்டு கைகளையும் பிடித்து நன்றி சொன்னாள். ஏதாவது கேட்கத் தோன்றினால் கூப்பிடுகிறேன் என்று எண் வாங்கிக்கொண்டு, தன் எண்ணையும் கொடுத்தாள். அவள் கூப்பிடவே இல்லை. வெட்கக்கேடு, எனக்கு அதுவும் நிம்மதியாகத்தான் இருந்தது.

இப்போது ஃபைலில் அந்தத் தேதிக்குப் போனேன். ஒவ்வொரு வரியும் எத்தனை முறை வருகிறது என்று எண்ணச் சொன்னேன்.

uniq -c bell.log

23.

அழித்தது நான். என் கையால் அழித்தது.

அப்போதும் எனக்குப் புத்தி வரவில்லை. பழைய கமாண்டையே மறுபடி தட்டினேன். ஒன்றானது. மூச்சு விட்டு, மறுபடி எண்ணினேன்.

23.

ஃபைலின் அடியில் புதிதாக ஒரு வரி விழுந்தது. இன்றைய தேதி. 4.17. அறை 9.

கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். 4.17.

இன்னொரு வரி.

இன்னொன்று.

வார்டில் சின்னச் சத்தம்கூட இல்லை. வரிகள் மட்டும் விழுந்துகொண்டிருந்தன. போனை எடுத்து மகளின் எண்ணைத் தேடினேன்.

"அம்மா, நான் ஆஸ்பத்திரியில கம்ப்யூட்டர் பாக்குறவன். அன்னிக்கு உங்ககிட்ட பொய் சொல்லிட்டேன். அப்பா ஒரு தடவ அடிக்கல. இருபத்து மூணு தடவ. தெரிஞ்சேதான் மறைச்சேன்."

அவள் திட்டினால் தேவலை என்றிருந்தது.

"இப்ப எங்க இருக்கீங்க?" குரல் தாழ்ந்திருந்தது.

"அதே வார்டுல. காலி பண்ணிட்டாங்கம்மா. யாரும் இல்ல."

"யாருமே இல்லையா?"

"நான் மட்டும்தான்."

அவள் மூச்சு விடுவது கேட்டது. பிறகு மெல்லச் சொன்னாள்.

"அங்க பெல் விடாம அடிக்குதே சார். போய்ப் பாருங்க."

காதைக் கூர்மையாக்கிக் கேட்டேன். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

"போங்க சார். யாராவது போங்க."

ஒன்பதாம் அறை பதினைந்து அடி தூரம்தான். கால் வரவில்லை. பயமா, வெட்கமா, எனக்கே தெரியவில்லை. திரையில் வரிகள் நின்று வெகுநேரம் கழித்துத்தான் எழுந்தேன்.

அறைக்குள் போனபோது கடிகாரம் 4.26 காட்டியது.

கட்டில் இல்லை. வெட்டிய ஒயரோடு பொத்தான் மட்டும் சுவரில் தொங்கியது. தொட்டுப் பார்த்தேன்.

இப்போதுதான் யாரோ விரலை எடுத்ததுபோல் சூடாக இருந்தது.