ஈறுகட்டிக் கொடியைத் தேடி

மாலை ஆறு மணிக்குள் மலையை விட்டு இறங்கிவிட வேண்டும். வனத்துறை கொடுத்த அனுமதி அத்தோடு தீர்ந்தது. அதற்குள் ஐந்து கிலோ வேர் சேராவிட்டால் செண்பகவல்லியின் ஐந்து வருட ஆராய்ச்சியும் தீர்ந்தது!

காலை எட்டு மணிக்கே அவளுக்கு முழங்கால் கெஞ்சியது. மூன்று நாளாக இதே ஏற்றம், இதே அட்டைக்கடி, இதே தூறல். உடம்பு அலுத்ததைவிட மனசு அலுத்துப் போயிருந்தது.

அந்த ஆனைமுடங்கி மலையில் ஈறுகட்டி என்றொரு கொடி உண்டு. ஈறில் ரத்தம் கசிந்தால் அங்குள்ள பழங்குடிகளான காணிக்காரர்கள் அதன் வேரை மென்று துப்புவார்கள். ஈறு அழுகினால் சும்மா விடாது. பல்லைத் தாங்கும் எலும்பையும் கரைத்து, நல்ல பல்லையே ஆட்டிவிடும். முதல் மூட்டை வேரிலிருந்து செண்பகவல்லி பிரித்தெடுத்த சத்து, ஈறு நோய் வந்த எலிகளுக்கு எலும்பு கரைவதை நிறுத்திக் காட்டியது. பல் மருத்துவக் கல்லூரியே அவளைத் தூக்கி வைத்துக் கொண்டாடியது. இரண்டாவது மூட்டையில் ஒன்றுமே இல்லை! பச்சைத் தண்ணீர் கொடுத்திருந்தாலும் அதே பலன்தான். "மொதல்ல வந்த முடிவு நெசந்தானாம்மா?" என்று பேராசிரியர் கேட்டார். பொய் எழுதிவிட்டாய் என்று சொல்லவில்லை. ஆனால் அப்படித்தான் பார்த்தார்.

அந்தப் பார்வைக்குப் பதில் தேடித்தான் இந்தப் பயணம். முன்னால் வெட்டுக்கத்தியோடு ஈச்சன் காணி, வழிகாட்டி. பின்னால் வனக்காவலர் சேவியர், நிமிடத்துக்கொரு தரம் கடிகாரம் பார்க்கிறவர். சேவியருக்கே ஈறு வீங்கி இரண்டு பல் ஆட்டம். கட்டிக்கொண்டு வந்த புட்டைக்கூட டீயில் ஊறவைத்துத்தான் தின்றார்.

நண்பகலில் ஒருவழியாக மூட்டை நிறைந்தது. சுமையைக் குறைக்கலாமென்று செண்பகவல்லி பாறையில் உட்கார்ந்து வேரைப் பிரிக்கத் தொடங்கினாள். பூச்சி அரித்தது, அடிபட்டது, தழும்பு விழுந்தது எதுவும் சோதனைக்கு ஆகாது. அதுதான் அவர்கள் ஆய்வகத்துச் சட்டம்.

"ஏன் தங்கச்சி, நல்லதையெல்லாம் தூரப் போடுதிய?" என்றான் ஈச்சன்.

"இதா நல்லது? பன்னி கடிச்சுக் கொதறி வச்சிருக்கு அண்ணே!"

"கடிபட்ட வேருதான் கசக்கும். கசந்தாத்தான் ஈறு கட்டும். பன்னி கிண்டாத எடத்துல நாங்களே ஒரு கீறு கீறி விட்டுட்டு வந்துருவோம். காயம் ஆறுன பொறகுதான் போய் எடுப்போம்."

செண்பகவல்லி வழுவழுப்பான வேர் ஒன்றைக் கடித்தாள். சப்பென்று இருந்தது. தழும்பு விழுந்த வேரைக் கடித்தாள். அப்பப்பா, காதுவரை கசந்தது! முதல் தடவை அவள் காய்ச்சலில் படுத்துவிட, வேரைப் பொறுக்கியது ஈச்சன். இரண்டாம் தடவை அவளே ஆய்வக மேசையில் கொட்டிப் பொறுக்கினாள்.

"போன தடவ ஏம்ணே சொல்லல?"

"மூட்டையக் கட்டிக் குடுத்தேன். வீட்ல கொண்டுபோயி கழிப்பியன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. பாறையிலேயே உட்கார்ந்து அழுதாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு தூக்குத் தராசில் தழும்பு வேரை நிறுத்தாள். ஒரு கிலோகூட இல்லை.

"ஆத்துக்கு அக்கரையில போன மாசம் பன்னி கிண்டுன சரிவு ஒண்ணு இருக்கு" என்றான் ஈச்சன்.

"மேடம், மேக்க கறுத்துக்கிட்டு வருது. வெள்ளம் வந்தா அக்கரையிலேயே மாட்டிக்கிடுவோம்!" என்ற சேவியர், கன்னத்தைப் பிடித்துக்கொண்டு பெருமூச்சு விட்டார். "சரி, எம் பல்லுக்காவது ஆகட்டும். நடங்க!"

முழங்கால் தண்ணீரில் ஆற்றைக் கடந்தார்கள். சரிவு முழுவதும் உழுது போட்டதுபோல் கிடந்தது. தோண்டினார்கள், தோண்டினார்கள், கை கொப்புளித்தும் தோண்டினார்கள். திடீரென்று புதர் அசைந்தது. குட்டிகளோடு ஒரு தாய்ப்பன்றி!

"பாறை மேல ஏறுங்க!" ஈச்சன் கத்தினான். பன்றி சீறிக்கொண்டு பாய்ந்தது. சேவியர் விசிலை ஊதியபடியே தூக்குவாளியைப் பாறையில் டமடமவென்று அடித்தார். பன்றி மிரண்டு குட்டிகளைக் கூட்டிக்கொண்டு ஓடியது. இறங்கி நிறுத்தபோது ஐந்தே கால் கிலோ!

திரும்பும்போது ஆறு இடுப்புக்கு ஏறியிருந்தது. நட்டாற்றில் செண்பகவல்லியின் கால் வழுக்கியது.

"மூட்டைய விடு தங்கச்சி!"

"விடமாட்டேன்!"

ஈச்சன் அவள் தோளைப் பிடித்தான். சேவியர் ஈச்சனின் இடுப்பைப் பிடித்தார். மூவரும் கரையில் விழுந்து மூச்சு வாங்கினார்கள். சோதனைச் சாவடியைத் தாண்டும்போது மணி ஆறாக ஐந்து நிமிடம்.

நான்கு மாதம் கழித்து எலிகளின் தாடைப் படங்கள் வந்தன. எலும்பு கரையாமல் நின்றிருந்தது! வேறு இருவரை விட்டுப் பேராசிரியர் மறுபடி சோதித்தார், அதே முடிவு. மனிதர் ஈறுக்கு மருந்தாக இன்னும் எத்தனையோ வருடம் ஆகலாம். ஆனால் அவள் பொய் எழுதவில்லை. துள்ளிக் குதிக்கத் தெம்பில்லை அவளுக்கு; வீட்டுக்குப் போய்த் தூங்கினால் போதும் என்றிருந்தது. கட்டுரையில் தன் பெயருக்குப் பக்கத்தில் ஈச்சன் காணியின் பெயரையும் எழுதி நீட்டினாள்.

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றினார். "ரெண்டாவது தடவ அப்படி என்னதாம்மா தப்பு நடந்துச்சு?"

"ஒரு கொறையும் இல்லாத வேராப் பார்த்துப் பொறுக்கிட்டேன் சார்."