ஜன்னலோரத்துக்கு ஒரு சம்மதம்

செத்தவர்களிடம் சம்மதம் வாங்க வியாழக்கிழமை காலைதான் தோது. கூட்டம் இருக்காது. திங்கட்கிழமை என்றால், கொள்ளுத்தாத்தா மெட்டுப் போட்ட தாலாட்டைக் குழந்தைக்குப் பாட அனுமதி கேட்கிறவர்கள், அத்தையின் மிளகாய்ப்பொடிப் பக்குவத்துக்கு மன்றாடுகிறவர்கள் என்று வரிசை வாசலைத் தாண்டிப் போகும். பூங்கோதை இதையெல்லாம் விசாரித்துவிட்டுத்தான் வியாழக்கிழமையைத் தேர்ந்தெடுத்தாள்.

செவ்வாயின் நிலத்தடிக் குடியிருப்பான கீழ்ப்பாளையத்தில் யாரும் முழுசாகச் சாவதில்லை. உடம்பு போகும். அதற்குமுன் மூளையில் இருப்பதை அப்படியே படியெடுத்துச் சேமகத்தில் வைத்துவிடுவார்கள். பூமியிலேயே தொடங்கிய பழக்கம் இது. முதல் கப்பலில் விதைநெல்லோடு பழைய படிகளும் வந்து இறங்கின. இந்த நினைவுப்படிகளுக்குச் சோறு வேண்டாம், காற்று வேண்டாம். ஆனால் சொத்துரிமை உண்டு. வீடும் நிலமும் பூமியோடு போய்விட்டதால், கையில் மிஞ்சியது பாட்டு, பக்குவம், பெயர் இவ்வளவுதான். அதையாவது விடக் கூடாது என்று ஒவ்வொருவரும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

பூங்கோதைக்கு வேண்டியது ஒரு பெயர். அவள் தொடங்கப்போகும் வலைப்பூவுக்கு.

கீழ்ப்பாளையம் முழுவதும் பாறைக்குள் குடைந்தது. வெளியே பார்க்க ஒரே ஒரு ஜன்னல்தான். முதலில் வந்தவர்கள் கட்டிய பம்ப் அறையில், சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒரு கண்ணாடி. அந்த அறையில் வேலை பார்ப்பவள் பூங்கோதை. மற்றவர்கள் வெளியுலகத்தைத் திரையில் பார்த்துக்கொள்ளலாம், ஆனால் திரையை யாரும் நம்புவதில்லை. மதியம் அவள் சாப்பாட்டுக்கூடத்தில் உட்கார்ந்ததும் சுற்றிலும் கூட்டம் கூடிவிடும்.

"கையுறை என்னாச்சு பூங்கோதை?"

எப்போதோ யாரோ ஒருவர் வெளியே தவறவிட்ட ஒற்றைக் கையுறை அது. விரல்கள் மேலே பார்த்தபடி மண்ணில் நின்றது. தூசு மெல்ல ஏறி, கட்டைவிரல் முதலில் புதைந்தது, பிறகு சுண்டுவிரல். "இன்னும் மூணு தெரியுது. நடுவிரல்ல காலைல உறைபனி. மோதிரம் போட்ட மாதிரி இருந்துச்சு" என்று அவள் சொன்னால், சாப்பிடுகிற கைகள் நின்றுவிடும். அவளுக்குச் சொல்லத் தெரிந்திருந்தது. அது அவளுக்கும் தெரியும்.

இப்போது ஜன்னலில் மயிரிழை அளவு விரிசல். வருடக் கடைசியில் அதை எஃகுத் தகடு வைத்து மூடிவிடுவதாக அறிவித்துவிட்டார்கள். அதற்குள் பார்த்ததையெல்லாம் எழுதிவிட வேண்டும், தகடு அடித்த பிறகும் அந்த ஜன்னல் எங்கேயாவது திறந்திருக்க வேண்டும் என்று பூங்கோதை தவித்தாள். வலைப்பூவின் பெயர் 'ஜன்னலோரம்'. வேறென்ன வைக்க முடியும்?

தேடிப் பார்த்தால் அந்தப் பெயரை வேறொருவர் பதிந்துகொண்டு இரண்டு நூற்றாண்டுக்கு மேல் ஆகியிருந்தது. சாளரம், பலகணி, ஜன்னலுக்கு வெளியே, ஜன்னல் நிலா எல்லாமே செத்தவர்கள் வசம் இருந்தன.

"பேரை அப்புறம் வெச்சுக்கலாம். முதல்ல எழுதேன்" என்றான் கணவன் மாசிலாமணி. சாப்பாட்டுக்கூடத்தில் காளான் குழம்புக்குப் பொறுப்பானவன். வேலை எதிலிருந்து தொடங்க வேண்டும் என்று தெரிந்தவன்.

"பேரு இல்லாம எப்படிங்க எழுதறது? பக்கத்தோட நெத்தியில பேரு இருந்தாத்தானே கை ஓடும்?"

சம்மத அலுவலகத்தில் எழுத்தர் ஓர் இயந்திரம். விதியை ஒரே மூச்சில் ஒப்பித்தது: "ஜன்னலோரம், ஒரே ஒரு பதிவு உள்ள பக்கம். ஆகவே உறங்கும் பக்கம். உரிமையாளர் சம்மதித்தால் பெயர் கைமாறும். இரண்டாவது பதிவு வந்துவிட்டால் உயிருள்ள பக்கம். பிறகு யாரும் கேட்க முடியாது. அறை நான்கு."

அந்த ஒரே பதிவை அவள் படித்திருந்தாள். 'வணக்கம். இன்று முதல் எழுதப் போகிறேன். விரைவில் சந்திப்போம்.' அவ்வளவுதான்.

அறை நான்கில், திரையில் வழுக்கைத் தலையோடு ஒருவர் சிரித்தார். தனசேகர், கோயம்புத்தூர். உயிரோடு இருந்தபோது மோட்டார் உதிரிபாகக் கம்பெனியில் வேலை.

"வாங்க வாங்க, உக்காருங்க. அந்தப் பேருங்களா? தினமும் பஸ்ல ஜன்னலோர சீட்டுதானுங்க எனக்கு. அதுல உக்காந்துட்டு வரையிலதான் அந்தப் பேரு தோணுச்சு. நல்ல பேருங்கல்ல?"

"ரொம்ப நல்ல பேருங்க. எனக்குக் குடுத்தீங்கன்னா..."

"அதெப்படிங்க? நான் எழுதணுமே."

"ஒரு பதிவுதானே இருக்கு?"

"நேரமே கிடைக்கலீங்க" என்றார் தனசேகர். சாப்பாடு, தூக்கம், வேலை, பஸ் எதுவும் இல்லாமல் இருநூறு வருடங்களாகச் சேமகத்தில் இருப்பவர் அதை மனசாரச் சொன்னார். "பின்னணிக் கலரு மட்டும் இன்னும் முடிவாகலீங்க. இளநீலமா, சந்தனமான்னு ஓடிட்டு இருக்குது. ஒரு வாரம் பாருங்க. நான் எழுதலைன்னா நீங்களே வெச்சுக்குங்க."

அடுத்த வியாழக்கிழமையும் அவர் எழுதியிருக்கவில்லை. கொடுக்கவும் இல்லை. இன்னும் ஒரு வாரம் கேட்டார். பெயர் தனக்கு எவ்வளவு அவசியம் என்று புரியவைக்க, பூங்கோதை ஜன்னலைப் பற்றிச் சொல்லத் தொடங்கினாள். மாலையில் சூரியன் நீலமாக இறங்குவதை, சுழல்தூசி ஒன்று ஜன்னல் வரை வந்து தயங்கித் திரும்பிப் போனதை, கையுறையை. தனசேகர் வாயைத் திறந்தபடி கேட்டார். ஒவ்வொரு வாரமும் பேச்சு கையுறையில்தான் ஆரம்பித்தது.

"இப்ப எத்தனை விரலுங்க?"

"ரெண்டு."

"அடடா!"

இப்படிச் சொல்லச் சொல்ல அவர் மனம் இளகுவது பூங்கோதைக்குத் தெரிந்தது. பெயர் கிடைத்ததும் முதல் பதிவைக் கையுறையில் தொடங்குவது என்று முடிவுகூடச் செய்துவிட்டாள். அதுவரை ஒரு வரி எழுதவில்லை.

தகடு அடிக்கும் நாளும் ஒரு வியாழக்கிழமையாக அமைந்தது. "இந்த வாரம் கட்டாயம் ஒரு முடிவு சொல்லிப்போடறேனுங்க" என்று தனசேகர் வாக்குக் கொடுத்திருந்தார்.

"இன்னிக்கு ஜன்னலுக்குக் கடைசி நாள். கூட இருந்து பாரேன். சம்மதம் எங்க ஓடிப்போகுது?" என்றான் மாசிலாமணி.

"மதியம்தானே அடிக்கிறாங்க? பேரை வாங்கிட்டு ஓடி வந்துடறேன்."

எழுத்தர் இயந்திரம் அவளைப் பார்த்ததுமே சொன்னது: "ஜன்னலோரம், நேற்று மாலையிலிருந்து உயிருள்ள பக்கம். மனு ரத்து. வருத்தம் தெரிவிக்கச் சொல்லியிருக்கிறார்கள். தெரிவித்துவிட்டேன்."

பூங்கோதை அறை நான்குக்குள் ஓடினாள். தனசேகரின் முகம் கல்யாண வீட்டுக்காரர் முகம் போலப் பளபளத்தது.

"எழுதிட்டனுங்க! ஒரே மூச்சுல எழுதிட்டனுங்க. இருநூறு வருஷமா பேரு இருந்துச்சு, எழுத விஷயம் இல்லீங்க. நீங்க வந்துதான் குடுத்தீங்க. கையுறை, நீலச் சூரியன், எல்லாம் நீங்க சொன்ன வாக்குலயே போட்டுட்டேன். 'பூங்கோதை அம்மணி சொல்லக் கேட்டது'ன்னு மேலயே உங்க பேரும் இருக்குதுங்க. காலையிலிருந்து எத்தனை பேரு படிச்சிருக்காங்க, பாருங்க!"

அவர் காட்டிய பக்கத்தின் மேலேயே அவள் பெயர் இருந்தது. திட்டலாம் என்றால் அதற்கும் வழியில்லை. பக்கத்தின் பின்னணி இன்னும் வெறும் வெள்ளையாகவே இருந்தது.

"அது என் ஜன்னலுங்க" என்றாள்.

"இல்லேங்கலையே. நீங்களும் எழுதுங்க. வேற எதாச்சும் பேரு வெச்சுக்குங்க. பேருல என்னங்க இருக்குது?" என்றார், அந்தப் பெயரை இருநூறு வருடம் காவல் காத்தவர். பிறகு ஆவலோடு முன்னால் குனிந்தார். "அது கிடக்கட்டும். இன்னிக்குக் காலைல எத்தனை விரலுங்க? கடைசியா ஒண்ணு நின்னுதா, அதுவும் போயிருச்சா? அடுத்த பதிவுக்கு அதுதான் வேணும்."

பூங்கோதைக்குத் தெரியவில்லை. அலுவலகம் திறந்ததுமே உள்ளே போய்விட வேண்டும் என்று காலையில் பம்ப் அறைப் பக்கமே போகாமல் வந்துவிட்டிருந்தாள்.

அவள் மூச்சிரைக்கத் திரும்பியபோது வேலை முடிந்திருந்தது. ஆட்கள் சீக்கிரமே வந்து சீக்கிரமே முடித்துவிட்டார்கள். பற்றவைத்த வாடை அறையில் நின்றது. தகடு இன்னும் சூடாக இருந்தது. அதன்மேல் கையை வைக்க முடியாமல் எதிரில் நின்று அழுதாள்.

சாப்பாட்டுக்கூடத்தில் எல்லோரும் தனசேகரைப் படித்துக்கொண்டிருந்தார்கள். செவ்வாயைக் கண்ணால் பார்த்திராத மனிதர் எப்படி எழுதியிருக்கிறார் என்று வியந்தார்கள். மாசிலாமணி அவள் தட்டில் குழம்பை ஊற்றிவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து குரலைத் தாழ்த்தினான்.

"அந்தாளுக்குத் தெரிஞ்சது நீ சொன்ன பாதிதான். மிச்சம் உன்கிட்டதானே இருக்கு? இன்னிக்கே உக்காந்து எழுது."

பூங்கோதை கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவன் சொன்னது நியாயமாகப் பட்டது. முகத்தில் மெல்லத் தெளிவு வந்தது, நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"எழுதத்தான் போறேன். விடமாட்டேன்" என்றாள். "முதல்ல ஒரு நல்ல பேரா யோசிங்க."