லாசரினே

காலை ஆறு மணிக்கு மரியபுஷ்பம் தன் நுரையீரலில் சுவாசநீரை நிரப்பிக்கொண்டாள். முதல் இரண்டு நிமிடம் மூழ்கிச் சாவதுபோல் இருக்கும், பிறகு சரியாகிவிடும். மூவாயிரம் மீட்டர் ஆழத்தில் காற்றை நம்பி வெளியே போக முடியாது. பல் துலக்கியதும் அந்தக் கடலடி நிலையத்தில் எல்லோரும் செய்கிற காரியம்தான்.

ஒன்பது ஆண்டுகளாக அவள் போய்வந்தது சங்குகளுக்காக. விரல்நுனி அளவே இருக்கும், வெளிறிய, கண்ணில்லாத சங்குகள். கடல்தரையில் கொட்டிக்கிடந்த உலோகக் கட்டிகளின்மேல்தான் அவை முட்டையிட்டன. அடையாளம் தெரியாத உயிர் வாழும் தரையை உழக்கூடாது என்று சட்டம் இருந்ததால், கட்டிகளை அள்ளவேண்டிய உழவுப்பொறிகள் மேலே கப்பலில் காத்துக்கிடந்தன.

"பேரு வச்சிட்டா இதுகள வுட்ருவானுவளா, டாக்டரம்மா?" என்று கேட்டான் லாசர். நிலையத்தின் ஊர்தி ஓட்டி. முதல் சங்கைக் கண்டெடுத்தவன்.

"பேரு இருந்தாத்தான் பாதுகாப்புப் பட்டியல்ல ஏத்த முடியும், லாசர். பேரில்லாததுக்காவ யார்ட்ட போயி பேச?"

நாலாயிரம் சங்குகளின் நாவிலிருந்த பல்வரிசைகளை எண்ணி, மரபணுவோடு ஒப்பிட்டாள். ஏற்கெனவே தெரிந்த குடும்பம்தான் என்று ஆய்வுக்குழு அவள் அறிக்கையை மூன்றுமுறை திருப்பி அனுப்பியது. நான்காவது முறை, புதிய துணைக்குடும்பம் என்று ஒப்புக்கொண்டது. துணைக்குடும்பப் பெயர்கள் 'இனே' என்று முடியவேண்டும். லாசரினே என்று வைத்தாள்.

லாசருக்கு வெட்கமாகப் போயிற்று. "எங்கப்பா பேர ரேஷன் கார்டுல ஒருநாளும் சரியா எழுதுனதில்ல. எம்பேரு புஸ்தகத்துல வருதாக்கும்" என்றான்.

பெயர் பதிவான பதினோராம் நாள் உழவுப்பொறிகள் இறங்கின.

கடல்தரை ஆணையத்தின் அதிகாரி திரையில் பணிவாகப் பேசினார். "தடை இருந்தது அடையாளம் தெரியாத உயிருக்குத்தான், மேடம். நீங்கதான் தெரியவச்சிட்டீங்களே. மாதிரி, மரபணு எல்லாம் பெட்டகத்துல பத்திரமா இருக்கு. சட்டப்படி அது காப்பாத்தப்பட்ட இனம்."

"தரையில உயிரோட இருக்கிறது என்னாவும்?"

"அதான் பிரதி இருக்கே, மேடம்."

சேறு கிளம்பி, நிலையத்தின் சன்னல்கள் ஒரு வாரம் எதையும் காட்டவில்லை. லாசர் அங்கேயே நின்றான். "எம்பேரச் சொல்லியா அழிக்கானுவ?" என்று ஒருமுறை கேட்டான். அடுத்த கப்பலில் அவன் கரைக்குப் போய்விட்டான்.

மறு ஆண்டு அவளை வடக்குப் பள்ளத்துக்கு அனுப்பினார்கள். அங்கும் சங்குகள். புதியவை என்று பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்தது. மாதிரிச் சீட்டில் 'அடையாளம் காண இயலவில்லை' என்று எழுதினாள். நான்கு மாதம், ஒவ்வொரு சீட்டிலும் அதையே எழுதினாள். வாழ்க்கையில் முதன்முறையாகத் தன் தொழிலில் பொய் சொன்னாள், நன்றாகத் தூங்கினாள்.

ஐந்தாம் மாதம் ஆணையம் ஒரு வகைப்பாட்டுப் பொறியை இறக்கியது. அவளுடைய ஒன்பது ஆண்டுக் குறிப்புகளைப் படித்துத் தேறிய பொறி. நான்கு நொடி எடுத்துக்கொண்டது. புதிய துணைக்குடும்பம் என்றது. பெயரை மட்டும் மனிதர்கள் தேர்ந்தெடுத்தார்கள்.

"உங்களுக்கு ஒரு மரியாதை செய்யணும்னு எல்லாரும் ஆசைப்பட்டோம், மேடம்" என்றார் அதிகாரி. "புஷ்பமினே."

அவருக்குப் பின்னாலிருந்தவர்கள் கைதட்டினார்கள். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டது கூச்சத்தால் என்று அவர் நினைத்தார்.

"பேரு அழியாது, மேடம். நான் குடியிருக்கிறதே ஏரியைத் தூர்த்துக் கட்டின இடம்தான். இன்னிக்கும் ஏரி நகர்னுதான் சொல்றோம்."