இரண்டு தட்டு

மாடிக் குளியலறைக்கு வரும் தண்ணீரைக் காலையிலேயே அடைத்தாயிற்று. அப்படியும் தொட்டியின் அடியில் ஈரம் ஊறிக்கொண்டே இருந்தது. பெரியவர் கண்டுகொள்ளவில்லை. ஈரத்துக்கெல்லாம் பதில் சொல்லும் பரம்பரை அல்ல அவருடையது.

பழைய பித்தளைக் குழாய்களைக் கழற்றிவிட்டுப் புதியவற்றைப் பூட்டிய பிளம்பர், தொட்டிக்குள் குந்தியபடி மூக்கைச் சுளித்தான். இந்த மூக்குக்கு ஒரு சுளிப்பு வேறு!

“தொட்டியோட பக்கச் சுவரை உடைச்சுப் பார்த்துடலாங்கய்யா. அடியில ஏதோ வாடை வருது.”

“குழாய் மாத்தத்தான் கூப்பிட்டேன். சுவத்துல கை வச்சே, கை இருக்காது.”

முப்பத்தெட்டு வருடங்களுக்கு முன் அவரே கட்டிப் பூசிய சுவர் அது. கண்டவனோடு போகத் துணிந்த தங்கையை இந்த அறையில் போட்டுத் தாழிட்டார். திமிர் அடங்கட்டும் என்று தண்ணீர் வால்வையும் மூடினார். நான்கு நாள் கதவைத் தட்டினாள். ஐந்தாம் நாள் தட்டவில்லை. வெளிநாட்டில் சௌக்கியமாக இருக்கிறாள் என்றுதான் உறவெல்லாம் இன்றும் நம்புகிறது. பேத்தியின் கல்யாணத்துக்குச் சம்பந்தி வீட்டார் வந்து தங்கப்போவதும் அந்த நம்பிக்கையில்தான்.

“நான் கீழே வால்வுகிட்ட நிக்கிறேன். குழாயில ரெண்டு தட்டு தட்டுனா திறக்கிறேன். ஒரு தட்டுன்னா மூடிடுறேன்.”

“உனக்கு நான் தட்டணுமாக்கும்?”

“எங்க வேலையில அப்படித்தாங்கய்யா.”

போனான். பெரியவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். எவன் வாசலிலும் தட்டி நின்றவரில்லை, இந்தக் கூலிக்காரனுக்காகவா தட்டுவார்? காத்துக் காத்து அவனே படியேறி வரட்டும். அவன் செருப்புச் சத்தம் தேய்ந்து மறைய, ஊறிய சுண்ணாம்பின் நெடியும், அதற்குள் பழைய தலைமுடியின் நெடியும் மெல்ல எழுந்து அறையை நிறைத்தன.

டொக். டொக்.

தொட்டிக்கு அடியிலிருந்து.

“சரிங்கய்யா, திறந்துட்டேன்!”

புதுக் குழாய் இருமியது. தண்ணீர் கொட்டியது. தொட்டி நிறையவில்லை. அடியில் யாரோ மடக் மடக்கென்று விழுங்கினார்கள்.

குழாயைத் திருகினார். அது வெறுமனே சுற்றியது. கீழே கூப்பிட வாயெடுத்தார். தண்ணீர் இரைச்சலில் அது அமுங்கிப்போனது.

ஒரு தட்டு. ஒன்றே ஒன்று. மூடிவிடுவான்.

விரலை மடக்கினார். தட்டியே விட்டார்.

டொக்.

அடியிலிருந்து உடனே இன்னொன்று.

டொக்.

“மறுபடி ரெண்டு தட்டா? தண்ணிதான் திறந்திருக்கேங்கய்யா! இன்னும் எதைத் திறக்கச் சொல்றீங்க?”

தொட்டிச் சுவரில் ஒரு கல் வெளிப்பக்கமாக நகர்ந்தது.

இடுக்கில் விரல்கள். ஈரமாக. தட்டுவதற்கு மடக்கியபடி.