மணக்கிற மூட்டம்

கண்ணை மூடிக்கொண்டு டப்பாவை மூக்குக்கு நேராகப் பிடித்தபோது மதுமதிக்குத் தெரிந்தது மேலுதட்டில் பட்ட தகரத்தின் குளிர்ச்சி மட்டும்தான். இன்னும் ஆழமாக இழுத்துப் பார்த்தாள். வற்றிய கிணற்றில் வாளியை விட்டு வெறும் வாளியாக மேலே இழுத்த மாதிரி இருந்தது.

"என்னன்னு சொல்லுங்க" என்றார் வசந்தகுமார்.

யோசிக்கிற பாவனையில் டப்பாவை லேசாக ஆட்டினாள். உள்ளே ஏதோ சலசலத்தது. குச்சி குச்சியான சத்தம். மூக்கின் உள்தோலில் மெல்ல ஓர் எரிச்சல்.

"கிராம்பு."

"பாஸ்!" என்று அவர் அறிவித்த தோரணையில், சுற்றியிருந்த சீமைக்கருவேல மரங்கள் எழுந்து நின்று கைதட்டியிருக்க வேண்டும். அவை ஏற்கெனவே நின்றுகொண்டுதான் இருந்தன.

வசந்தகுமார் உச்சிப்புளியில் ஜிம் வைத்திருந்தவர். ஜிம்மைப் பூட்டச் சொல்லி உத்தரவு வந்ததும், தனக்குத்தானே பதவி உயர்வு கொடுத்துக்கொண்டு 'இம்யூனிட்டி மாஸ்டர்' ஆகிவிட்டார். காலையில் கசாயம், வாசம் தெரியாதவருக்கு நோய் என்று கண்டுபிடிக்க டப்பா சோதனை, மதியம் மூச்சுப் பயிற்சி, சாயங்காலம் அதைப் பற்றி வாட்ஸ்அப்பில் ஒரு சொற்பொழிவு. இந்த ஞாயிற்றுக்கிழமைக்கு அவர் வைத்த பெயர் 'வசந்தகால வன நடை'. பஞ்சாங்கப்படி அது இளவேனில்தான். ராமநாதபுரத்துப்படி அதற்குப் பெயர் கத்திரி. வனம் என்றது, சிக்கல் ஊரைத் தாண்டி ஒரு வறண்ட கண்மாய்க்குள் மண்டிக்கிடந்த கருவேலங்காட்டை. கையில் ஆறடி நீளத்துக்கு அறுத்த பிளாஸ்டிக் குழாய் ஒன்று வைத்திருந்தார், இடைவெளி அளக்க.

"வலை இழுக்கப் போறவன்கூட இம்புட்டுச் சாமான் தூக்க மாட்டான் மாஸ்டர்" என்றான் ரெக்ஸ். தங்கச்சிமடத்துக்காரன். மீன்பிடித் தடைக்காலத்தில் படகு கரையில் கிடந்தது, அவன் இங்கே கிடந்தான்.

"நீ முதல்ல மாஸ்க்கை மூக்குக்கு மேல ஏத்து."

"ஏத்துனா மூச்சு முட்டுது."

"முட்டணும். அதான் பயிற்சி."

சிநேகா சிரித்தாள். மதுமதியோடு ஒரே நர்சரிப் பள்ளியில் வேலை பார்க்கிறவள். வீடியோ எடுப்பதற்கென்றே வெள்ளை ஷூ போட்டு வந்திருந்தாள். மதுமதியும் சிரித்தாள். சிரிக்க வேண்டிய இடம் என்று தெரிந்தது, சிரித்தாள்.

மூக்கு போனது போன வாரம். ஒரு காலையில் பால் பொங்கி அடுப்பெல்லாம் கருகியும் அவளுக்குத் தெரியவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. வீட்டுக்குள் புழுக்கம் என்று சொல்லிவிட்டு மொட்டைமாடியில் தனியாகப் படுத்துக்கொண்டாள், தட்டைத் தனியாகக் கழுவினாள். தங்கச்சி மகேஸ்வரிக்குக் கல்யாணம், வைகாசி முதல் முகூர்த்தம். ஊரடங்கால் இரண்டு தடவை தள்ளிப் போன கல்யாணம். மாப்பிள்ளை சூர்யா, இதே வசந்தகுமாரின் தம்பி. இவளுக்கு நோய் என்று தெரிந்தால் சுகாதாரத் துறைக்காரர்கள் வாசலை அடைத்துத் தகரம் அடித்துவிடுவார்கள். தகரம் அடித்த வீட்டில் துணிந்து சம்பந்தம் செய்ய, மாஸ்டரின் அம்மா ஒன்றும் கசாயம் குடித்து வளர்ந்தவர் அல்ல. மூன்றாவது தடவை தள்ளிப்போட அவர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்; மகேஸ்வரி தாங்கவும் மாட்டாள். நடைக்கு வராமல் இருந்துவிடலாம் என்றால், வராதவர்களைத்தான் மாஸ்டர் முதலில் சந்தேகப்படுவார்.

வாசனை போனபோது கூடவே வேறு என்னென்னவோ போயிருந்தன. சோறு நனைந்த காகிதமாக இருந்தது. எதிர்வீட்டுச் செல்லச்சாமி மாமாவை ஆம்புலன்ஸில் ஏற்றியபோது சன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு, கொடியில் துணி காய்ந்துவிட்டதே, எடுக்கணுமே என்றுதான் தோன்றியது. அழுகை வரவில்லையே என்ற வருத்தம்கூட வரவில்லை.

நடந்தார்கள். முன்னால் மாஸ்டர், அப்புறம் ரெக்ஸ், சிநேகா, கடைசியில் மதுமதி. இரண்டு பக்கமும் கருவேலம் கையைக் கோத்துக்கொண்டு நின்றது. வெயில் அதன் பொடி இலைகளுக்குள் சல்லடையாக இறங்கி, கண்மாய் மண்ணின் வெடிப்புகளில் விழுந்து, மேலே வர வழி தெரியாமல் அங்கேயே கொதித்துக் கிடந்தது. முதலில் ஆட்டுப் புழுக்கைகள் கிடந்த பாதை, போகப் போகச் சுத்தமாகிவிட்டது. காட்டுக்குள் நுழைந்தபோது எங்கேயோ கத்திக்கொண்டிருந்த செம்போத்து எப்போது நிறுத்தியது என்று அவள் கவனிக்கவில்லை. நிறுத்தியிருந்தது என்பதை மட்டும் கவனித்தாள். செருப்பைத் தாண்டிப் பாதத்தில் சூடு ஏறியது. வெயில் மேலே அல்லவா இருக்கிறது, சூடு கீழேயிருந்து வருகிறதே என்று நினைத்தாள். நினைத்ததோடு சரி.

ரெக்ஸ்தான் முதலில் நின்றான்.

"யாரோ நண்டு அவிக்கிறாக."

"நண்டா? கடல் எங்கன இருக்கு, நீ எங்கன இருக்க?" என்றார் மாஸ்டர். பிறகு அவரே மாஸ்க்கைக் கொஞ்சம் இறக்கி மோந்தார். "நெய். நல்ல பசுநெய் உருக்குற வாசம்."

"ரெண்டு பேருக்கும் மூக்கு கெட்டுப்போச்சு" என்றாள் சிநேகா. "மழை பேஞ்ச மண்ணு வாசம் மாஸ்டர் இது."

மழை பெய்து மாதக்கணக்காகிறது. மூன்று பேரும் மூன்று பக்கம் மூக்கைத் தூக்கி இழுத்தார்கள். பிறகு மூவரும் ஒன்றாகத் திரும்பி அவளைப் பார்த்தார்கள்.

"உனக்கு என்ன வாசம் மது?" என்று கேட்டாள் சிநேகா.

இங்கே டப்பா இல்லை, ஆட்டிப் பார்க்க. வாயில் வந்ததைச் சொன்னாள்.

"மல்லிப்பூ."

சிநேகா கண்ணை மூடி இழுத்தாள். மெல்ல, மெல்ல, ஒரு சிரிப்பு பரவியது. "அட ஆமா. மல்லிப்பூதான்."

"மல்லிப்பூ" என்றான் ரெக்ஸ்.

"மல்லிப்பூதான்" என்றார் மாஸ்டர், வாழ்க்கையில் முதல் தடவையாக அடுத்தவர் சொன்னதை ஒப்புக்கொண்டு.

அதற்கப்புறம் யாரும் தமாஷ் பேசவில்லை.

மாஸ்க்குகள் கழன்றன. சிநேகாவுடையது ஒரு முள்ளில் மாட்டி ஆடிக்கொண்டிருந்தது. மாஸ்டர் குழாயைக் கீழே போட்டார். போட்டது அவருக்கே தெரிந்ததாகப் படவில்லை. ஆறடி நாலடியாகி, நாலடி கைக்கெட்டும் தூரமாகி, மூவரும் தோளோடு தோள் உரச நடந்தார்கள். பாதையில்லாத இடத்தில் நடந்தார்கள். முள் ரெக்ஸின் காதைக் கிழித்தது. ரத்தம் கழுத்தில் இறங்கியது. அவன் கையைக் கொண்டுபோகவில்லை.

"ரெக்ஸ், ரத்தம்."

திரும்பவில்லை.

"மாஸ்டர், திரும்பிரலாம். வெயில் உச்சிக்கு வந்துருச்சு."

திரும்பவில்லை.

ரெக்ஸின் ஒரு செருப்பு சேறில்லாத தரையில் தனியாகக் கிடந்தது. அவள் அதைத் தாண்டிப் போனாள். தன் பயம் எங்கே இருக்கிறது என்று தேடிப் பார்த்தாள். சட்டைப்பையில் சாவியைத் தேடுவது போல.

காடு திறந்தது. நடுவில் கரிமூட்டம்.

இந்தப் பக்கத்தில் பிறந்த எவருக்கும் மூட்டம் தெரியும். வேல விறகை அடுக்கி, மேலே வைக்கோல் போட்டு, மண்ணை அப்பி, உள்ளே தீ கனன்று விறகு கரியாகும்வரை இரவும் பகலும் ஆள் காவல் இருக்கும். மேலே மண் மாதிரிதான் இருக்கும், மிதித்தால் உள்ளே இழுத்துவிடும். ஏறிய ஆட்டின் கொம்பு மட்டும் மிஞ்சியதைச் சின்னப் பிள்ளையில் பார்த்திருக்கிறாள். மூட்டத்தை ஒற்றையாக விட மாட்டார்கள். ஆனால் இங்கே குடிசை இல்லை. தண்ணீர் பீப்பாய் இல்லை. மண்வெட்டி இல்லை. லாரி ஓடாமல், வேலைக்காரர்கள் எல்லோரும் எப்போதோ ஊருக்குப் போய்விட்டார்கள். மூட்டம் மட்டும் வீடளவு பெரிசாக இருந்தது. அதன் மேல் பூச்சு ஈரமாக இருந்தது. இப்போதுதான் பூசிய ஈரம். விரல் தடங்கள் தெரிந்தன. அவற்றில் சில, வெளியேயிருந்து தடவியவை போல இல்லை.

பக்கவாட்டில் துளைகள். ஒவ்வொன்றிலும் நீலப்புகை மெல்லிசாக வந்தது. நின்றது. வந்தது. நின்றது.

"கிட்டப் போகாதீங்க! புகை அது!"

"புகையா?" சிநேகா திரும்பினாள். முகம் அத்தனை சந்தோஷமாக இருந்தது. "மல்லிப்பூ மது. நீதானே சொன்ன."

ஒரு வார்த்தை சொன்னால் போதும். எனக்கு ஒன்றும் மணக்கவில்லை, நான் சொன்னது பொய், இங்கே பூவே இல்லை. நாக்கு நுனியில் இருந்தது. மகேஸ்வரி கண்ணாடி முன்னால் நின்று முகூர்த்தப் புடவையைத் தோளில் போட்டுப் பார்த்தது ஞாபகம் வந்தது. தகரத்தில் ஆணி இறங்கும் சத்தம் காதில் கேட்டது. ஒரு மூச்சு நேரம் பொறுத்தாள். ஒரே ஒரு மூச்சு நேரம்.

மாஸ்டர் முட்டி போட்டிருந்தார்.

"எனக்கு மூக்கு வேலை செய்யல!" என்று கத்தினாள். "எனக்கு நோய் மாஸ்டர்! போன வாரத்துலேர்ந்து ஒரு வாசமும் தெரியல! நான் பொய் சொன்னேன்! எந்திரிங்க!"

வசந்தகுமார் அவளைப் பார்த்தார். ஊர் முழுக்க மூக்கைச் சோதித்துக் குற்றவாளி தேடிய மனிதர். அவர் முகத்தில் கோபம் இல்லை. அதிர்ச்சி இல்லை. அவருடைய முட்டி பதிந்த இடத்தில் துணி கருகத் தொடங்கியிருந்தது.

"அதனால என்னம்மா" என்றார், அவர் குரலிலேயே இல்லாத ஒரு கனிவோடு. "கல்யாணம் நடக்கும். இங்கனயே வச்சுக்கிருவோம். எல்லாரையும் கூட்டி வந்துருவோம். இங்கன கல்யாணத்துக்கு இத்தனை பேருதான்னு ஆள் கணக்கெல்லாம் கிடையாது."

சொல்லிவிட்டுக் குனிந்தார். புகை வந்த துளையில் வாயைப் பொருத்தினார்.

சிநேகா இன்னொரு துளையில். ரெக்ஸ் இன்னொன்றில். இறுக்கமாக. கன்னம் மண்ணில் பதிய. மதுமதி ஓடிப்போய்ச் சிநேகாவின் தோளைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. கல் மாதிரி. உள்ளங்கை பொசுங்கியது. கையை எடுத்தாள். கொப்புளத்தைப் பார்த்தாள். வலி வரும் என்று காத்திருந்தாள்.

வரவில்லை.

பின்னால் நகர்ந்து நின்றாள்.

மூன்று முதுகுகள் ஏறின. இறங்கின. ஒரே தாளத்தில். அவற்றோடு சேர்ந்து மூட்டமும் ஏறியது. இறங்கியது. ஈரப்பூச்சில் விரிசல் விட்டது. மூடியது. இப்போது வெளியே ஒரு துளிப் புகை இல்லை. சத்தம் இல்லை. காற்று இல்லை.

மூட்டத்தின் இந்தப் பக்கம், அவளுடைய வாய் இருக்கும் உயரத்தில், மண் மெல்லக் குழிந்தது. உள்ளேயிருந்து ஒரு விரல் பூச்சைக் குத்தி வெளியே வந்தது. கரிய விரல். பொறுமையாக வட்டமாகச் சுற்றி, ஓரத்தைத் தடவி வழுவழுப்பாக்கி, உள்ளே போனது.

புதுத் துளை. அதிலிருந்து புகை வரவில்லை.

அவள் காலடியில் கிடந்த ஒரு சருகு அசைந்தது. நகர்ந்தது. எழும்பித் துளைக்குள் போனது. பிறகு இன்னொரு சருகு. பிறகு அவள் முகத்தோரத்து முடி, ஒவ்வோர் இழையாக, நேராக நீண்டு அந்தத் துளையைப் பார்த்து நின்றது.